நட்சத்திரத்தின் அருகே நிற்பது

ராக்கெட் கிளம்புகிற நாளில் எங்கள் குப்பம் முழுக்கக் கரையில்தான் நிற்கும். ஏரிக்கு அந்தப் பக்கம் தீவு; அங்கிருந்துதான் கிளப்புவார்கள். முதலில் வெளிச்சம் வரும். சத்தம் பிறகுதான் வந்து சேரும். அது வரும்போது கூரைத் தகடு அதிரும், அலமாரியில் தம்ளர் இடம் மாறும், கவிழ்த்துப் போட்ட படகுக்கு அடியில் நாய்கள் போய்ப் படுத்துக்கொள்ளும். எத்தனை முறை பார்த்திருந்தாலும் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்க யாருக்கும் மனம் வராது. அப்படி ஒரு நாளில் என் அக்கா மட்டும் வீட்டுக்குப் பின்னால், வானத்துக்கு முதுகைக் காட்டியபடி, நண்டு உடைத்துக்கொண்டிருந்தாள். ராக்கெட் எஞ்சினைப் படித்து டாக்டர் பட்டம் வாங்கியவள் அவள். பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் அதே வேலையாக இருந்தவள். "அக்கா, வந்து பாரேன்" என்று கத்தினேன். திரும்பாமலே சொன்னாள்: "அது மீஞ்சூர் பஸ்ஸுடா. நான் பாக்கற வண்டி வேற."

நான் மீஞ்சூரில், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறவன். அந்த பஸ்ஸில்தான் தினமும் போய் வருகிறேன். ஆகவே அந்தக் கிண்டலில் பாதி எனக்கு. மீதிப் பாதி நிஜம். அக்கா பார்த்த வண்டி இன்னும் செய்யப்படாத வண்டி. அது நம் சூரியனை விட்டுவிட்டு அடுத்த நட்சத்திரத்துக்குப் போகவேண்டியது. அந்த நட்சத்திரத்தின் ஒளியே நம்மிடம் வந்து சேர நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. தீவிலிருந்து கிளம்புகிற ராக்கெட்டை நம்பிப் போனால் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகும். ஏன் என்று கேட்டதற்கு டீசலை வைத்துச் சொன்னாள். தூரமாகப் போக இன்னும் டீசல் வேண்டும், அந்த டீசலைச் சுமக்க இன்னும் டீசல் வேண்டும், அதைச் சுமக்க மேலும் கொஞ்சம். கடைசியில் பார்த்தால் டீசல்தான் மிதக்கும், படகு இருக்காது. அணுக்களை இணைத்து எரிக்கும் எஞ்சின், எதிர்ப்பொருளை எரிக்கும் எஞ்சின் என்று வேறு யோசனைகளும் உண்டாம். முதலாவதைச் சிறியதாகச் செய்யத் தெரியவில்லை. இரண்டாவதற்கான எரிபொருளை ஒரு சிட்டிகை சேர்த்துவைக்கக்கூட இன்னும் வழியில்லை.

அக்காவின் கூட்டம் வேறு வழியில் போனது. எஞ்சினை வீட்டிலேயே வைத்துவிட்டு, படகில் விரிப்பதைப் போன்ற ஒரு பாயை மட்டும் அனுப்புவது. வெங்காயத் தோலைவிட மெல்லிய பாய். இங்கிருந்து பெரிய லேசர் ஒளியால் அதைத் தள்ளிக்கொண்டே இருந்தால், ஒளியின் வேகத்தில் ஒரு பங்கை அது எட்டிவிடும். ஒரு மனித ஆயுளுக்குள் போய்ச் சேர்ந்துவிடும். காகிதத்தில் கணக்கு சரியாகத்தான் வந்தது. ஆனால் அங்கே போய் நிற்பது எப்படி? பின்னாலிருந்து தள்ள நாம் இருக்கிறோம், எதிரிலிருந்து தடுக்க அங்கே யாரும் இல்லை. நிற்கத் தெரியாவிட்டால் இவ்வளவு தூரம் போன கலம் அந்த நட்சத்திரத்தைச் சில மணி நேரத்தில் கடந்து, இருட்டுக்குள் போய்க்கொண்டே இருக்கும். போகும் வழியில் எடுத்த படம் போதும் என்று சொல்லும் கூட்டங்கள் வேறு இருந்தன. இவர்களுடையது நின்று சுற்றிப் பார்க்கும் கலம். அதை நிறுத்துகிற வேலை அக்காவுடையது. இருபது ஆண்டுகளாக அவள் செய்தது அது ஒன்றுதான். அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று ஊர் கேட்டுக் கேட்டு அலுத்து, பிறகு விட்டுவிட்டது.

ஊருக்கு இதெல்லாம் தெரியாது. அவள் ராக்கெட்காரி, அவ்வளவுதான். ராக்கெட் விடுகிற நாளில் யாரும் கடலுக்குப் போகக்கூடாது. ஏரியிலும் அந்தப் பக்கம் போக முடியாது. ஆகவே அக்கா விடுமுறைக்கு வந்தால் போதும், யாராவது வந்து நிற்பார்கள். "இன்னாம்மா, எறா வர நேரத்துல வுடறீங்களே. அடுத்த வாரம் வுடச் சொல்லேன்." தன் வேலைக்கும் அந்தத் தீவுக்கும் சம்பந்தமே இல்லை என்று முதலில் பொறுமையாக விளக்கிப் பார்த்தாள். அது அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். பிறகு விளக்குவதை விட்டுவிட்டு, "சொல்லிப் பாக்கறேன்" என்று சொல்லத் தொடங்கினாள். ஒரு முறை வானிலை கெட்டு நிஜமாகவே ராக்கெட்டைத் தள்ளிவைத்துவிட்டார்கள். மறுநாள் காலை வாசலில் ஒரு கூடை நண்டு. யார் வைத்தார்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு பக்கம் பார்க்கிறார்கள். அக்கா சிரித்துச் சிரித்து அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். எங்கள் நைனா மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு அந்தக் கூடையில் பாதி நம்பிக்கை இருந்தது. மகள் சொன்னால் நடக்கும் என்று அன்றைக்கு அவர் மனதில் விழுந்தது பிறகு அழியவே இல்லை.

நைனாவைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் பாடு என்கிற வழக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஏரியில் நினைத்தவன் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. நல்ல இறால் வரும் இடங்கள் சில உண்டு. அவற்றுக்குச் சீட்டுப் போட்டு முறை வைத்து, இன்று நீ, நாளை நான் என்று மாறி மாறிக் கட்டுவார்கள். அதற்குப் பாடு என்று பெயர். எங்கள் குப்பத்தில் அதோடு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. இன்று அந்த இடத்தில் கட்டியவன், நாளைக்குக் கட்டப் போகிறவனிடம் கரையில் நின்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகவேண்டும். எவ்வளவு ஆழம், நீரோட்டம் எப்படி, வலை மாட்டிக்கொள்ளும் முறிந்த கழி எங்கே கிடக்கிறது, இறால் உண்டா இல்லையா. இதைப் பாடு சொல்வது என்பார்கள். பங்காளிச் சண்டையில் முகம் கொடுத்துப் பேசாதவர்கள்கூடப் பாடு மட்டும் சொல்வார்கள். பொய் சொன்னது தெரிந்தால் அடுத்த முறை அவனுக்குக் கிடையாது. நைனா இதில் பிடிவாதக்காரர். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும் என்பது வழக்கம். இவர் கேட்காததையும் சொல்லுவார். ஏமாளி என்று ஊரில் கேலி உண்டு. "எம்மேல கோவம் இருக்கட்டும், அவன் வலை இன்னா பண்ணுச்சி?" என்பார்.

அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது அது பரவிவிட்டிருந்தது. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது, உடம்பு பாதியானது. ஒரு நாள் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இனிமேல் ஏற்றுவதில் பயன் இல்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். வெளியே வந்ததும் அக்கா கேட்டாள், "இன்னா சொன்னாரு? பாடு சொல்லு." நான் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். "அப்ப ஊருக்குப் போலாம். எழுதறது ஒண்ணு பாக்கி கீது." எனக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. ஆட்டோவுக்குப் பேரம் பேசினேன்.

பாக்கி இருந்தது ஓர் அறிக்கை. இப்படி ஒரு கலம் சாத்தியமா, இந்த ஆராய்ச்சியைத் தொடரலாமா என்று அவர்கள் கூட்டம் ஒரு முடிவைக் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் தங்கள் பகுதியை எழுதிக் கொடுத்துவிட்டார்கள், நிறுத்துகிற பகுதிக்காகக் காத்திருந்தார்கள். அக்கா வீட்டு முன்னறையில் ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் தலையணை வைத்து உட்கார்ந்து, மடியில் கம்ப்யூட்டரோடு காலையில் கொஞ்ச நேரம் எழுதுவாள், களைத்துப் படுப்பாள், மறுபடி எழுதுவாள். நைனா வலைக்குப் போகாத நேரமெல்லாம் எதிரில் தரையில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருப்பார். கஞ்சி ஆறினால் சூடு பண்ணிக் கொண்டுவருவார். அம்மா நாங்கள் படிக்கும்போதே இறந்துவிட்டதால் வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான்.

அவளுடைய யோசனை ஒரு காந்த வளையம். நட்சத்திரங்களுக்கு நடுவே வெறுமையாகத் தெரிகிற இடத்திலும் மிக மெல்லிய வாயு உண்டாம். கலத்திலிருந்து பெரிய கம்பி வளையத்தை விரித்து மின்சாரம் பாய்ச்சினால், அது அந்த வாயுவில் உரசி வேகத்தைக் குறைக்கும். வலையைத் தண்ணீரில் விட்டதும் படகு மெதுவாவதைப் போல. இருபது ஆண்டுகளாக இந்த வளையத்தைத்தான் கட்டிக்கொண்டு அழுதாள். நிறுத்தும் அளவுக்கு வளையம் பெரிதாக இருந்தால் பாயால் அதைச் சுமக்க முடியவில்லை. பாய் சுமக்கும் அளவுக்குச் சிறிதாக இருந்தால் அது நிறுத்தவில்லை. ஒவ்வொரு ஆண்டும் ஏதோ ஒரு புதுக் கம்பி, புது உலோகம் வந்து நம்பிக்கை கொடுத்தது. இப்போது எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கணக்குப் பார்த்துவிட்டாள். "போவும்டா. நல்லாவே போவும். நிக்காது" என்று என்னிடம் சொன்னபோது குரலில் எதுவும் இல்லை. பஸ் போய்விட்டது என்று சொல்கிற குரல்.

அவளுடைய பேராசிரியர் அடிக்கடி போனில் பேசினார். நல்ல மனிதர். உடம்பைத்தான் முதலில் விசாரிப்பார். பிறகு தயங்கித் தயங்கி, "எதிர்காலத்தில் சாத்தியமாகலாம்" என்று ஒரு வரி மட்டும் சேர்க்க முடியுமா என்று கேட்டார். அந்த வரி இருந்தால் ஆராய்ச்சி தொடரும். அவளிடம் படிக்கும் மாணவர்களுக்கு இடம் இருக்கும். அவளுடைய பெயரும் அதில் இருந்துகொண்டே இருக்கும். அது முழுப் பொய்யும் அல்ல, எதிர்காலத்தில் எதுதான் சாத்தியமாகாது? "யோசிக்கறேன் சார்" என்று போனை வைத்தாள். அவளைவிட அந்தக் கலத்தை விரும்பியவர்கள் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். எழுத வேண்டியது ஒரு வரி.

நைனா அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அன்று பிற்பகல் கஞ்சியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் நின்றார்.

"இன்னாம்மா, அது போவுமா போவாதா?"

"போவும் நைனா. அங்க போய் நிக்காது."

"முடியாதுன்னு எழுதப் போறியா?"

"அதான நெசம்."

அவர் அவள் காலருகே உட்கார்ந்தார். "ஒடம்பு சரியில்லாத நேரத்துல முடியாதுன்னு உங் கையால எழுதாதம்மா. ஆவும்னு எழுது. நீ எழுதினா ஆவும். ஒடம்பும் தேறிடும்."

அந்த நண்டுக் கூடை எவ்வளவு ஆழத்துக்குப் போயிருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அக்கா சிரிக்கவில்லை. மெதுவாகச் சொன்னாள். "அடுத்து வரவன் அதே எடத்துல வலை கட்டுவான் நைனா. கட்டிட்டு வருசக் கணக்கா ஒக்காந்திருப்பான். நான் ஒக்காந்த மாரி."

"ஒக்காரட்டும். வலை கிழிஞ்சா கிழியட்டும். எனக்கு அவனா முக்கியம்?"

அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சை நான் கேட்டதில்லை. அக்காவும் கேட்டிருக்க மாட்டாள். "ஊர்ல கேட்டா உன் மொறைய எடுத்துடுவாங்க நைனா" என்றாள் விளையாட்டாக. "எடுத்துக்கட்டும். வலையைக்கூட எடுத்துக்கட்டும்" என்றார் அவர். அவர் விளையாடவில்லை. இரண்டு கையையும் கூப்பிவிட்டார். பெற்ற மகளைப் பார்த்துக் கும்பிடுகிற அப்பனைப் பார்க்கச் சகிக்காமல் நான் எழுந்து வாசலுக்குப் போனேன். எனக்குப் பின்னால் அக்கா சொன்னது கேட்டது. "சரி நைனா. பாக்கறேன்." ராக்கெட்டைத் தள்ளிவைக்கச் சொல்லி வருகிறவர்களுக்கு அவள் சொல்லும் அதே மாதிரி பதில். நைனா அதற்கு ஆகட்டும் என்று அர்த்தம் எடுத்துக்கொண்டார். அன்று சாயங்காலம் பல நாளுக்குப் பிறகு வெற்றிலை போட்டார்.

அவள் முடியாது என்றுதான் எழுதினாள். எழுதி அனுப்பிய அன்று என்னைக் கூப்பிட்டு, ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொல்லிக் காட்டினாள். இந்த வழியில் கலம் போய்ச் சேரும், நிற்காது. எந்தெந்தக் கம்பியைப் பார்த்தோம், ஒவ்வொன்றும் எங்கே தவறியது, எந்த எடையில் கணக்கு உடைகிறது, எதைத் திரும்பச் செய்து பார்ப்பது வீண் என்று பக்கம் பக்கமாக இருந்தது. எதைத் தான் சரியாகப் பார்க்கவில்லை என்பதையும் எழுதியிருந்தாள். கடைசியில் பேராசிரியர் கேட்ட அந்த வரி இல்லை. "நைனாகிட்ட நீயா போய்ச் சொல்லாத" என்றாள். "கேட்டா?" என்றேன். "கேட்டா சொல்லித்தான் ஆவணும்." அதற்குப் பிறகு அவள் கம்ப்யூட்டரைத் திறக்கவில்லை. அதிகமாகத் தூங்கினாள். ஒரு விடியற்காலையில், நைனா அவள் நெற்றியில் கை வைத்திருந்தபோதே, மூச்சு நின்றது.

அப்புறம் நடந்ததெல்லாம் எனக்குத் தெளிவாக ஞாபகம் இருக்கிறது, எதுவுமே மனதைத் தொடவில்லை. பந்தல்காரரிடம் நாற்காலி போதுமா என்று பேசினேன். யார் யாருக்கு டீ போகவில்லை என்று பார்த்தேன். பேராசிரியர் பெங்களூரிலிருந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவருக்கு ஆறுதல் சொன்னதும் நான்தான். ஐஸில் கைவிட்டு இறால் பிரிக்கிறவர்களுக்கு இது தெரியும். விரல் மரத்திருக்கும்போது கீறினால் தெரியாது, சூடு ஏறிய பிறகுதான் எரியும். எனக்குச் சூடு ஏறவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் ஷிப்டுக்குப் போய்விட்டேன். அந்த ஆராய்ச்சியை எதிர்பார்த்தபடியே மூடிவிட்டார்கள். மாணவர்களை வேறு வேலையில் சேர்த்துவிட்டதாகப் பேராசிரியர் போனில் சொன்னார். அந்த அறிக்கையை வேறு நாட்டில் யாரோ கேட்டு வாங்கியிருப்பதாகவும் சொன்னார். நல்லது சார் என்றேன்.

நைனாவும் அழவில்லை. ஈமக் கடன் முழுவதையும் மரம் போல நின்று செய்தார். பிறகு வலைக்குப் போனார், வந்தார், சாப்பிட்டார். பாடு மட்டும் பழையபடி சொல்வதில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். கேட்டால் ஒரு வார்த்தை, கேட்காவிட்டால் அதுவும் இல்லை. அவள் ஆவும் என்றே எழுதியதாக நம்பி, அப்படியும் பெண் பிழைக்கவில்லையே என்று அவர் தெய்வத்தோடு சண்டையில் இருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை, நானாகச் சொல்லவும் இல்லை. கேட்டுவிடுவாரோ என்ற பயம் மட்டும் எனக்கு இருந்தது. அவள் முடியாது என்று எழுதினாள் என்று தெரிந்தால், அந்தச் சொல்தான் அவளைக் கொண்டுபோனது என்று நினைத்துக்கொள்வார். அந்த நினைப்போடு அவர் எத்தனை நாள் உயிரோடு இருப்பார்? ஒரு பொய் போதும், அவர் தெய்வத்தைத் திட்டிக்கொண்டாவது மிச்ச நாளைக் கழித்துவிடுவார்.

போன மாதம் கேட்டார். நான் காலை ஷிப்டுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். அவர் வலையிலிருந்து வந்து, கால் கழுவி, கஞ்சிக் கிண்ணத்தின் முன்னால் உட்கார்ந்தார். கையை வைக்காமல் கேட்டார்.

"அக்கா கடைசில இன்னா எழுதினா?"

பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "முடியாதுன்னு எழுதினா நைனா" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. கிண்ணத்தைப் பார்த்தபடியே, "எங்க மாட்டுதுன்னு எழுதியிருக்காளா?" என்றார்.

"எழுதியிருக்கா. எந்தெந்த எடத்துலன்னு எல்லாம் எழுதியிருக்கா."

"அடுத்து வரவனுக்குப் புரியுமா?"

"யாரோ கேட்டு வாங்கிக்கினு போயிருக்காங்களாம்."

அவர் தலையை ஆட்டினார். திரும்பவும் ஆட்டினார். "நான் கும்பிட்டுக் கேட்டும் பொய் சொல்லல பாரு அவ" என்றார். முகம் கோணியது. என்ன செய்கிறது என்று நான் கேட்பதற்குள் வாய்விட்டு அழ ஆரம்பித்துவிட்டார். அவள் செத்த அன்று அழாத அழுகை. தெருவிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள், என்ன ஆச்சு என்று என்னைக் கேட்டார்கள். அக்காவை நினைத்துக்கொண்டார் என்று சொன்னேன். அவர் தோளில் கை வைத்தேன். அவர் உடம்பு முழுக்கக் குலுங்கியது. என் கை அதன் மேல் இருந்தது, அவ்வளவுதான். எனக்கு இன்னும் வரவில்லை.